முப்பத்தெட்டு கிலோ அன்னக்கொடி

என்னுடைய குண்டிக்காயை வேண்டாம் என்று சொன்ன டாக்டர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கறிக்கடையில் நாம் குண்டிக்காய் என்று கேட்டு வாங்குவதைத்தான் ஆஸ்பத்திரியில் கிட்னி என்கிறார்கள். கீழமாசி வீதியில் நூறு கிலோ மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி அடுக்குகிறவன் நான். என்னைத் தள்ளிவிட்டு, காற்றடித்தால் பறந்துபோகிற அன்னக்கொடி அக்காளை எடுத்துக்கொண்டார்கள். எண்பத்திரண்டில் நடந்தது.

அன்னக்கொடி என் சித்தப்பா மகள். ஒத்தக்கடைப் பக்கம் செங்கல் காளவாசலில் கல் சுமக்கிறவள். தலையில் பன்னிரண்டு கல்லோடு அவள் வந்தால், கல்லுக்குக் கால் முளைத்து வருவது போல இருக்கும். அவளுக்கு இளையவன் நல்லகாமன். முப்பது வயதிலேயே அவனுக்கு இரண்டு குண்டிக்காயும் சுருங்கிப்போய், முகம் வீங்கி, சோறு இறங்காமல் கிடந்தான். மதுரையில் பார்த்துவிட்டு மெட்ராசுக்கு அனுப்பினார்கள். சொந்தத்தில் ஒருத்தர் ஒன்று கொடுத்தால் பிழைப்பான், இல்லாவிட்டால் சில மாதம்தான் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

நான்தான் முதலில் சட்டையைக் கழற்றினேன்.

"நீங்க கூடப்பிறந்தவரா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஆமாங்க. என் தம்பி."

அவர் சீட்டைப் புரட்டினார். "உங்க அப்பா பேரு மலையாண்டி. இவர் அப்பா பேரு முத்துக்கருப்பன்னு இருக்கே?"

"ரெண்டு பேருமே அப்பாதாங்க. அவரு பெரியவரு, இவரு சின்னவரு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒரே தாய் வயித்துல பிறந்தீங்களான்னு கேக்குறேன்."

எங்கள் பக்கம் வந்து இப்படிப் பிரித்துக் கேட்டால் அடிதான் விழும். சித்தப்பா மகன் தம்பி இல்லாமல் வேறு யார்?

"சரி, குடிப்பீங்களா?"

"நாள் கிழமைன்னா கொஞ்சம்."

"எந்தக் கிழமை?"

"ஏழுந்தான் சார்" என்று கட்டிலில் கிடந்த நல்லகாமன் போட்டுக்கொடுத்தான். சாகக் கிடக்கிறவனுக்கு வாயைப் பாருங்கள்.

எனக்கு ரத்தக் கொதிப்பும் இருந்தது. ரத்த வகையும் சேரவில்லை. "மூட்டை தூக்குற பலத்தை வச்சு இதை எடுக்க முடியாது. குடுக்குறவங்க ரத்தம் சேரணும். கொதிப்பு, சர்க்கரை இருக்கக் கூடாது. ஒரே வயித்துப் பிள்ளைன்னா, இவர் உடம்பு அதைச் சண்டை போட்டுத் தள்ளாம ஏத்துக்க வாய்ப்பு ஜாஸ்தி" என்றார் டாக்டர்.

ரயிலேறி வந்து அக்காள் வீட்டில் சொன்னேன். அவள் புருசன் வெள்ளைத்துரை குதித்தார்.

"ஏலே விருமாண்டி, என் பொண்டாட்டி வயித்தைக் கிழிக்க நீ யாருடா?"

அக்காள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நாளைக்கு ஒங்க மகளுக்குச் சடங்கு வச்சா, தாய்மாமன் சீரை யாரு கொண்டாருவா? ஒங்கப்பனா?"

வெள்ளைத்துரையின் அப்பன் அங்கேதான் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னைய ஏம்மா இழுக்குற? போய்க் குடுத்துட்டு வாம்மா" என்றார். பேச்சு முடிந்தது.

அக்காளுக்கு ரத்தம் சேர்ந்தது. கொதிப்பில்லை, சர்க்கரையில்லை. எடைதான் இடித்தது. முப்பத்தெட்டு கிலோ. நாற்பதாவது வந்தால்தான் கத்தி வைப்பேன் என்றார் டாக்டர். பத்து நாள் முட்டையும் பாலுமாகத் தின்றுவிட்டு மறுபடி ஏறி நின்றாள். முள் நாற்பத்தொன்றைத் தொட்டது. நர்சம்மா சிரித்துக்கொண்டே இறங்கச் சொன்னார். இறங்கும்போது மடி அவிழ்ந்து, முழுச் செங்கல் ஒன்று தொப்பென்று விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஏதோ கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே போய் எடுத்திருக்கிறாள்.

டாக்டர் கல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "கிட்னிக்குள்ள கல்லு இருந்தாத்தாம்மா எடுக்க மாட்டோம். நீங்க மடியிலயே கட்டிக்கிட்டு வந்திருக்கீங்களே!"

"கல்லும் நல்ல கல்லு இல்ல சார். சரியா வேகல. எங்க காளவாசலுக்கு ஆளனுப்புங்க" என்றாள் அக்காள்.

அந்த மனுசன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். ஆனாலும் விடவில்லை. மிஷினில் ரத்தத்தைக் கழுவிக் கழுவி நல்லகாமனை ஓட்டினார்கள். இன்னும் மூன்று வாரம் தின்று, கல்லில்லாமல் நாற்பதுக்கு வந்த பிறகுதான் அறுத்தார்கள்.

எடுத்ததை நல்லகாமனுக்கு முதுகுப் பக்கம் வைக்கவில்லை. வலது அடிவயிற்றில், கை வைத்தால் தட்டுப்படுகிற இடத்தில் வைத்துத் தைத்திருந்தார்கள். அக்காள் கண் விழித்ததும் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"மோண்டானா?"

"பை நெறஞ்சிருச்சுக்கா."

"எம்புட்டு?"

"ரெண்டு லிட்டரு."

"காளவாசக்காரி சரக்குடா!" என்றாள். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

இரண்டு வருசம் கழித்து அவள் மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். நல்லகாமன் கொட்டுமேளத்தோடு சீர் கொண்டுவந்தான். அக்காள்தான் முன்னால் நடந்து கூட்டத்தை விலக்கினாள். "இடிக்காதீங்கய்யா, தள்ளுங்க. உள்ள இருக்குறது என்னோடது!" என்று அவள் போட்ட சத்தத்தில் மேளக்காரனே ஒதுங்கினான்.

எண்பத்தெட்டில் அவளுக்குக் காமாலை கண்டு முற்றிவிட்டது. அன்றைக்குக் கொடுத்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது ஈரல் கோளாறு என்று மதுரை டாக்டர் அடித்துச் சொன்னார். நல்லகாமன் அவரிடம் போய், "என் ஈரலை எடுத்துக்கங்க" என்று நின்றான்.

"ஈரல் ஆளுக்கு ஒண்ணுதான்யா. இங்க யாரும் அதை மாத்துறதில்ல. மாத்துனாலும், வச்ச கிட்னியைத் தள்ளாம இருக்க மாத்திரையில ஓடுற ஒங்க ஒடம்பைத் தொட மாட்டாங்க."

இதைக் கேட்டு அக்காள், "எனக்கு வாச்ச கடன்காரனைப் பாரு, நான் குடுத்ததுக்கு வட்டி தாரேங்கிறான்" என்று கேலி பேசினாள்.

அவன் மருந்து வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"விருமாண்டி, நான் போயிட்டா அவன் பாடைக்குத் தோள் குடுக்க முன்னாடி வந்து நிப்பான். விட்றாத. நெரிசல்ல மூங்கி அவன் அடிவயித்துல இடிச்சிரும். பொறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கையில குடுத்து ஓரமா நடக்கச் சொல்லு. அவன் பக்கத்தையும் சேத்து நீ தூக்கு."