நீலச் சீசாவில் இருந்த ஒரு சொல்

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. மயிலாப்பூருக்கு மருமகளாக வந்த புதிதில் மாமனார் எதிரில் வாயே திறக்க மாட்டேன். அந்நாளில் அதுதான் மரியாதை.

என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது அவனுக்கு மார்ச்சளி கட்டியது. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு சீசா மருந்து வாங்கி வந்தார். “ரெண்டும் கொயந்தைக்குத்தான்” என்று மாமியாரிடம் கொடுத்துவிட்டு, டிராமைப் பிடிக்க ஓடிவிட்டார்.

மாமியார் நீலச் சீசாவைத் திறந்து சங்கில் ஊற்றினார். சீசாவின் மேல் சிவப்பு எழுத்தில் இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. அதில் எனக்குப் புரிந்தது ‘நாட்’ என்ற ஒரு சொல்தான். அது வந்தால் இல்லை, கூடாது என்று அர்த்தம், பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். எது கூடாது என்றுதான் தெரியவில்லை. மாமனார் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். சங்கு குழந்தையின் வாயருகே போய்விட்டது.

“அத்தே, ஊத்தாதீங்க!” என்று கத்திவிட்டேன்.

“இன்னாடி, டாக்டரு குடுத்த மருந்து!”

“கூடாதுன்னு எயுதிக்கீது அத்தே.”

மாமனார் எழுந்து இரண்டு சீசாவையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் வரும் வரை நான் குழந்தையை மடியிலிருந்து இறக்கவில்லை.

“நீலம் மார்ல தேய்க்கிறதாம். உள்ள போனா விஷமாம்” என்று வாசலில் நின்றபடியே சொன்னார்.

மாமியார் சங்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிறகு, “ஊமச்சின்னு நெனச்சேன், இங்கிலீசு படிக்கிறாளே இவ!” என்று சிரித்தார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

அந்த மகனுக்கு இப்போது பேரன் இருக்கிறான். நாலு பேர் எதிரில் பேச எனக்கு இன்றும் கூச்சம்தான். ஆனாலும் அன்று வாய் திறந்தேனே என்று நினைக்கும்போதெல்லாம் நிம்மதியாக இருக்கிறது.