ஒரு மணி நேரம் கூடுதல்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ‘சைரன்’ என்று பெயர் வைத்தது மலை சைக்கிள் குழு. மொத்தம் எட்டுப் பேர். ஒரு பல் டாக்டர், ஒரு டைலர், மீதிப் பேர் மேசை முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள்.

பெயர் வந்த கதை சின்னது. ஐந்து குளிர்காலங்களுக்கு முன்னால் அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, முகட்டுப் பாதையில் தனியாகப் போனான். போகிறவர் ஒரு துண்டுச்சீட்டு எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவது குழுவின் வழக்கம். எந்த வழியில் ஏறுவேன், எந்த வழியில் இறங்குவேன், எத்தனை மணிக்குள் போன் பண்ணுவேன். அந்த நேரம் தாண்டியும் போன் வராவிட்டால் சீட்டு வைத்திருப்பவர் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும்.

மச்சான் நாலு மணி என்று எழுதியிருந்தான். நாலு மணி ஐந்து நிமிடத்துக்கே மெக்கானிக் கூப்பிட்டுவிட்டார். பன்னிரண்டு பேர் வேலையைப் போட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரும் கையுமாக வந்து இறங்கியபோது, மச்சான் அடிவாரக் கடையில் டீயில் பிஸ்கட் தோய்த்துக்கொண்டிருந்தான். போனில் சார்ஜ் இல்லை.

“மாமா, உங்க அவசரத்துல பிஸ்கட் உடைஞ்சு டீக்குள்ள விழுந்துடுச்சு. அதை எடுக்கவும் ஒரு டீமைக் கூப்பிடுங்க.”

கடையே சிரித்தது. அன்றிலிருந்து அவர் சைரன். குழுவில் யாராவது தும்மினால் “சைரன், போன் போடு” என்பார்கள். அவரும் சிரித்துவைப்பார். ஆனால் இன்னொரு முறை அப்படி ஆகிவிடக்கூடாது என்று உள்ளுக்குள் முடிவு செய்துகொண்டார். சீட்டில் ஒரு மணி நேரம் கூட்டி எழுதும் பழக்கத்தைக் குழுவுக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். நாலு மணிக்கு இறங்கிவிடுவாய் என்றால் ஐந்து என்று எழுது.

அவர் தொழிலுக்கு அது புதிதல்ல. பத்துப் பேரைத் தூக்கும் லிஃப்டின் இரும்பு வடம் அதைப்போலப் பல மடங்கு எடையைத் தாங்கவேண்டும். எதிலும் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்வது அவருக்குக் கைப்பழக்கம். லிஃப்டில் கூட்டினால் கூடின இடத்திலேயே இருக்கும். மனிதர்களிடம் அப்படி இல்லை. ஒரு மணி நேரம் கூடக் கிடைக்கிறது என்று தெரிந்ததும் ஆட்கள் தாமதமாகக் கிளம்பினார்கள், உச்சியில் நின்று படம் எடுத்தார்கள், கடையில் உட்கார்ந்து கதை அளந்தார்கள். சீட்டு வைத்திருந்தவர்களுக்கும் இது தெரிந்துபோனது. அவர்களும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னால், மச்சானும் அவரும் சேர்ந்து போகவேண்டிய ஒரு சனிக்கிழமை காலை, பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டது. அவரைக் கூப்பிட்டார்கள். மச்சான் தனியாகப் போனான். சீட்டு மெக்கானிக்கிடம். அதில் ஐந்து மணி.

ஐந்து மணிக்கு மெக்கானிக் வீட்டில் இருந்தார். போனைப் பார்த்தார். ஐந்தரைக்குச் சமையலறைக் குழாயில் வாஷர் மாற்றினார். ஆறு மணிக்கு அடிவாரக் கடைக்கு அடித்தார், யாரும் எடுக்கவில்லை. கூட்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஆறரைக்கு டிவியைப் போட்டார். மீட்புக் குழுவின் எண்ணை அவர் அழுத்தியபோது மணி ஏழு பத்து.

பத்து இருபதுக்குக் கண்டுபிடித்தார்கள். கால் முறிந்திருந்தது. காற்றை மறைக்க சைக்கிளைச் சாய்த்து வைத்து, பின்னால் சுருண்டிருந்தான். விசில் பற்களுக்கு நடுவில் இருந்தது. ஒன்பது மணிவாக்கில் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அன்று சாயங்கால ஷிஃப்ட். “எப்ப கூப்பிட்டீங்க?” என்ற ஒரே கேள்வியை அன்றே கேட்டார்.

“அஞ்சுக்கு. சீட்டுல போட்டிருந்த நேரத்துக்கு.”

அந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான் இரண்டு வருடமாகக் குடித்தனம் நடந்தது. ஐந்து மணிக்குக் கூப்பிட்டும் பத்து இருபது வரை அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கோபம் மனைவிக்கு ஆறவே இல்லை. மீட்புக் குழுவின் தலைவர் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டும் தொழிலாளி. துக்கம் கேட்க வந்தவரை மனைவி வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். டைல்ஸ்காரரிடம் கூப்பிட்ட நேரம் பதிவாகியிருந்தது. அவர் வாய் திறக்கவில்லை.

இந்த வருடம் நான்கு நாள் கடும் குளிர் என்று வானிலை அறிக்கை சொன்னது. அந்த முகடு மற்ற மாதங்களில் சேறு. சக்கரம் அச்சுவரை புதையும். நிலம் உறைந்து கல்லானால்தான் சைக்கிள் ஓடும். அப்படி நான்கு நாள் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

“போயிட்டு வாங்களேன்” என்றார் மனைவி. “ரெண்டு வருஷமா அந்த சைக்கிள் பால்கனியில துணி காயப்போடத்தான் ஆகுது.”

வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தார் சைரன். முகட்டில் மறைப்பே கிடையாது. ஒரு மரமில்லை, ஒரு சுவரில்லை. ஒன்பது கிலோமீட்டருக்குக் காற்று நேராக விலாவில் அடிக்கும். மணிக்கு நாற்பது கிலோமீட்டரைத் தாண்டினால் பயணம் ரத்து என்று ஓரத்தில் எழுதினார். நடுவில் இறங்கித் தப்ப மூன்று வழிகளைச் சிவப்பில் குறித்தார். ரேடியோ கோபுரத்தை ஒன்றரைக்குள் எட்டாவிட்டால் திரும்பிவிடவேண்டும். கால் தரையில் ஊன்ற வசதியாகத் தட்டை பெடல். இரண்டு விளக்கு, இரண்டு ஜோடி கையுறை, உடம்பைச் சுற்றிக்கொள்ளும் வெள்ளித்தாள் பை. போன் சட்டைக்குள்ளே, மார்போடு. வெளியில் வைத்தால் குளிரில் பேட்டரி இறங்கிவிடும்.

மனைவி தட்டுகளைக் கழுவிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“சீட்டை எங்கிட்ட கொடுங்க.”

“டைலர்கிட்ட கொடுக்கலாம்னு இருந்தேன்.”

“எதுக்கு? அந்த ஆளு ஒரு வாரத்துல தரேன்னு சொன்ன ஜாக்கெட்டை மூணு மாசம் கழிச்சுத் தந்தான். அவன்கிட்ட கொடுத்தா உங்களைத் தேட அடுத்த கோடைக்குத்தான் வருவாங்க.” மனைவி கையை நீட்டினார். “நான் வெச்சிருக்கேன். அன்னைக்கு நீங்க செஞ்ச மாதிரி. நேரம் ஆனதும், டக்குனு.”

சைரன் பேனாவை மூடிவைத்தார். சீட்டு எழுதும் தாளைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு எழுந்துபோய் வேலைப் பையைக் கொண்டுவந்தார். ஸ்பேனர் தட்டுக்கு அடியிலிருந்து நான்காக மடித்த பழைய சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மச்சானின் கோணல் எழுத்து. போன், 5.00.

“அஞ்சுக்குக் கூப்பிடலை” என்றார்.

மனைவி சீட்டைத் தொடவில்லை. “எப்ப?”

“கொஞ்சம் பார்க்கலாம்னு இருந்துட்டேன். முன்னாடி ஒரு தடவை எல்லாரும் சிரிச்சாங்கல்ல. டீக்கடையில உக்காந்திருப்பான்னு நினைச்சேன்.”

“எப்பன்னு கேட்டேன்.”

“ஆறு.”

ரத்தம் எடுத்த நேரம் எழுதாத குழாயை மனைவி தொடமாட்டார். எந்த டாக்டர் அனுப்பியிருந்தாலும் திருப்பிவிடுவார். அந்தத் தலை இப்போது கணக்குப் போட்டது சைரனுக்குத் தெரிந்தது. உதடு அசைந்தது.

“ஆறுக்குக் கூப்பிட்டு, பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தாங்க. நாலு மணி இருபது நிமிஷம்.” பிறகு, “அஞ்சுக்கே கூப்பிட்டிருந்தாலும் ஒன்பது இருபது. அப்பவும் அவன் இருந்திருக்க மாட்டான்.”

சைரன் தலையை அசைத்தார். இரண்டு வருடமாக லிஃப்ட் கூண்டுகளின் தலைமேல் நின்று அவர் போட்டுப் பார்த்த கணக்கு அது. ஏழு பத்து என்று சொன்னால் கணக்கு வேறு மாதிரி முடியும்.

“ஏன் பொய் சொன்னீங்க?”

“பயமா இருந்துச்சு.”

மனைவி வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினார். “எழுதுங்க. கூட்டி எழுதாதீங்க. எப்ப கீழ வருவீங்களோ அந்த நேரம். அந்த நிமிஷம் கூப்பிடுவேன். பாசத்துலன்னு நினைச்சுக்காதீங்க.”

அவர் 4.30 என்று எழுதினார்.

சனிக்கிழமை காற்று இருபத்தைந்து கிலோமீட்டர்தான். நிலம் இரும்பு மாதிரி இருந்தது. ரேடியோ கோபுரத்தை ஒன்று இருபதுக்கு எட்டினார். மச்சான் கிடந்த பள்ளம் அங்கிருந்து பத்து நிமிடத் தொலைவில், பாதைக்குக் கொஞ்சம் கீழே. அங்கே நிற்பதாகத் திட்டத்தில் இல்லை, நிற்காமல்தான் போனார். இறக்கத்தின் பாதியில் பின்சக்கர டியூப் கூர்க்கல்லில் கிழிந்தது. வீட்டில் ஆறு நிமிடத்தில் முடிகிற வேலை. விறைத்த விரல்களுக்கு டயரின் விளிம்பே தட்டுப்படவில்லை. கையை அக்குளுக்குள் வைத்து வைத்துச் சூடேற்றி டியூப் மாற்றி முடிக்க முப்பது நிமிடம் ஆனது. கூட்டி எழுதியிருந்தால் அது ஒன்றுமே இல்லை.

சிக்னல் வரும் வளைவை அவர் தொட்டபோது மணி நாலு முப்பத்தெட்டு. போனை வெளியே எடுப்பதற்குள் அதுவே அடித்தது.

“அண்ணே, நான்தான், டைல்ஸ். எங்க இருக்கீங்க?”

“கீழ் வளைவுல. ஒண்ணும் ஆகலை, பங்க்சர். கூப்பிட்டுட்டாங்களா?”

“நாலரைக்கு. கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்திருப்பாங்க போல. பசங்க இன்னும் வண்டியில ஏறலை. சும்மா வாங்க.”

“மன்னிச்சிடுங்க. எல்லாருக்கும் தொந்தரவு.”

“இதெல்லாம் ஒரு தொந்தரவா? கூப்பிட்டு ஆள் கிடைச்சா எங்களுக்கு அது நல்ல நாள்ணே. பூட்ஸைக் கழட்டிட்டு வீட்டுக்குப் போவோம்.”

சைரன் அந்த வளைவிலேயே நின்றார். இவ்வளவுதானா என்று தோன்றியது அவருக்கு. எதற்குப் பயந்து இரண்டு மணி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாரோ, அந்த அவமானம் எட்டே நிமிடத்தில், ஒரு போனில் முடிந்துபோயிருந்தது. சிரிக்கக்கூட யாருமில்லை.

“அண்ணே, இன்னொண்ணு.” டைல்ஸ்காரர் குரலைத் தணித்தார். “உங்க வீட்டம்மா ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் எங்கிட்ட பேசினாங்க. ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. அன்னைக்கு எத்தனை மணிக்குக் கூப்பிட்டாருன்னு.”

சைரன் போனை மறு காதுக்கு மாற்றினார்.

“நானா யார்கிட்டயும் சொல்லலை. ஆனா கேட்டா பொய் சொல்ல வராது எனக்கு.”

“பரவாயில்ல” என்றார் சைரன்.

வீட்டுக்கு மூன்று முறை அடித்தார். எடுக்கவில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு பதினான்கு கிலோமீட்டர் தார்ச்சாலையை மிதித்துத் தீர்த்தார். மாடிப்படியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்; லிஃப்டில் போக மனம் வரவில்லை.

கதவு பூட்டியிருந்தது. தன் சாவியால் திறந்தார். சாப்பாடு மூடிவைக்கப்பட்டிருந்தது, ஒரு தட்டோடு. செருப்பு ஸ்டாண்டில் மனைவியின் பூட்ஸ் இல்லை. சாயங்கால ஷிஃப்டாக இருக்கலாம். அந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று கேட்கவே மறந்திருந்தார்.

ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு சீட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன. ஒன்று அவருடையது. 4.30 என்பதற்கு எதிரில் மனைவியின் சின்னச் சின்ன, தெளிவான எழுத்தில், ரத்தக் குழாயில் எழுதுவது போலவே, 4.30. மற்றது மச்சானுடையது. 5.00 என்பதற்கு எதிரில் 7.10. அதற்குக் கீழே 10.20. அதற்கும் கீழே, ஐந்து மணிக்குக் கூப்பிட்டிருந்தால் அவர்கள் போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய நேரம், 8.10. அதைச் சுற்றி ஒரு வட்டம்.

கையுறையைக்கூடக் கழற்றாமல் சைரன் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.