நான்காவது கோடு

சங்கரன்கோவிலில் கம்ப்யூட்டர்களை வயரால் இணைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் நான்தான் வேலை செய்தேன். ஆறு கட்டில். ஒவ்வொரு கட்டிலிலும் இதயத் துடிப்பைக் காட்டும் மிஷினிலிருந்து தனி வயர் இழுத்து, வராந்தாச் சுவரில் மாட்டிய ஒரே பெட்டியில் செருகி, அங்கிருந்து நர்ஸ் மேஜையில் இருக்கும் திரைக்குக் கொண்டுபோனேன்.

"எதுக்குவே இவ்வளவு வயரு? ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு இழுத்தா போதாதா?" என்றார் டாக்டர்.

"அது ஆடித் தபசுத் திருவிழாவுக்குப் போடுத சீரியல் செட் லைட்டு மாதிரி சார். நடுவுல ஒண்ணு புட்டுக்கிட்டா எல்லாம் அணைஞ்சிரும். இதுல ஒண்ணு போனா அந்த ஒண்ணுதான் போவும்." பெரிய மேதாவி மாதிரி சொன்னேன்.

மறு வருஷம் நான்காம் கட்டிலில் என் மனைவி கிடந்தாள். டெங்கு. ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போனது. உள்ளே விடமாட்டார்கள். கதவுக் கண்ணாடி வழியாகத் திரை தெரியும். கட்டிலுக்கு ஒன்றாக ஓடும் ஆறு பச்சைக் கோடுகளில் நான்காவதைப் பார்த்துக்கொண்டு வராந்தா பெஞ்சிலேயே கிடந்தேன். பக்கத்தில் வாசுதேவநல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். வயலில் பாம்பு கடித்து அவர் மகன் இரண்டாம் கட்டிலில் இருந்தான். எது யாருடைய கோடு என்று அவருக்கு நான்தான் காட்டிக் கொடுத்திருந்தேன்.

அன்று ஆயுத பூஜை. ஆஸ்பத்திரி ஆயா ஈரத் துணியும் சந்தனக் கிண்ணமுமாக, எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு சாமானாகத் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

திடீரென்று நான்காவது கோடு இல்லை. அந்த இடம் கறுப்பாக இருந்தது. மற்ற ஐந்தும் ஓடின. நர்ஸ் எழுந்து உள்ளே ஓடினாள்.

ஒண்ணு போனா அந்த ஒண்ணுதான் போவும். நான் சொன்னதுதான். பெட்டியில் கோளாறு என்றால் எல்லாமே அல்லவா போக வேண்டும்? ஒரு வயர் கழன்றிருக்கலாம் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. சங்கரநாராயணசாமி, எல்லாக் கோடும் போகட்டும், பெட்டிக் கோளாறாகவே இருக்கட்டும் என்று வேண்டினேன்.

கொஞ்ச நேரத்தில் போயின. ஐந்தும். "ஐயோ மக்கா" என்று விவசாயி எழுந்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது.

திரும்பினேன். பூச்சரத்தோடு ஆயா பெட்டியருகே நின்றாள். அதன் விளக்குகள் எல்லாம் சேர்ந்து வெறிபிடித்தாற்போல் சிமிட்டின.

"தொடைக்கையில ஒரு வயரு விழுந்துட்டு அண்ணாச்சி. எடுத்துச் சொருகிட்டேன்."

அவள் செருகியது விழுந்த வயர் அல்ல. சோதனை பார்க்க நான் ஒரு முனையைப் பெட்டியில் செருகி மறு முனையைத் தொங்கவிட்டிருந்த வேறு வயர். இப்போது இரண்டு முனையும் ஒரே பெட்டிக்குள். வெளியே போன தகவலே திரும்பத் திரும்ப உள்ளே வந்து சுற்றி, வேறு எதற்கும் வழி விடவில்லை. பிடுங்கினேன். ஐந்து கோடுகள் வந்தன.

நான்காவது வரவில்லை.

முழங்காலிட்டுப் பெட்டிக்குக் கீழே துழாவினேன். விழுந்த வயர் சந்தனப் பிசுக்கோடு கையில் அகப்பட்டது. இரண்டு தடவை குத்தியும் துளைக்குள் போகவில்லை. ஆயா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். செருகிவிட்டுக் கண்ணாடிக்கு ஓடினேன். நான்காவது கோடு ஓடிக்கொண்டிருந்தது.

நர்ஸ் வெளியே வந்தாள். "அக்கா நல்லா தூங்குதாங்க. ஸ்கிரீனுக்கு என்னாச்சு?"

பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். விவசாயி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"மொதல்ல ஒம்ம வீட்டம்மா கோடு மட்டும் போச்சுல்லா தம்பி. அப்ப எம் மவன் கோடு ஓடுதான்னுதான் பாத்தேன். ஓடுச்சு. எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

"அதனால என்ன அண்ணாச்சி," என்றேன். நான் வேண்டிக்கொண்டதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.