மேஸ்திரி பாய் மூடிய வெயில்

“…அதுக்குத்தான் மேடம், கோணியப் போட்டு மூடி வெச்சேன். வெயிலு ஜாஸ்தியா இருக்குது, உங்க சாமானு இன்னாத்துக்கு ஆவறது?” என்று எங்கள் மேஸ்திரி பாய் சொன்னதும், ஆராய்ச்சிக்காக வேலூர்க் கல்லூரியிலிருந்து வந்துபோய்க்கொண்டிருந்த மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் நான் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. தோலில் பூசணம் பிடிக்காமலிருக்கப் போடும் மருந்து, கழுவும் தண்ணீரோடு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது. அங்கே அழுக்கைத் தின்னும் கிருமிகள் அந்த விஷத்தில் செத்தன. “இனிமே உங்க தண்ணி வேணாம்” என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். தண்ணீர் போக வழியில்லையென்றால் டேனரியைப் பூட்ட வேண்டியதுதான். மேடம் வெள்ளைத் தூள் பூசிய கண்ணாடித் தட்டுகளைக் கொண்டுவந்தார். அவற்றில் அந்தத் தண்ணீரை ஊற்றி வெயிலில் வைத்தால், தூள் விழித்துக்கொண்டு விஷத்தைத் துண்டு துண்டாக உடைத்துவிடுமாம். காலையில் டேனரி மொட்டைமாடியில் வைத்துவிட்டுப் போவார். சாயங்காலம் வந்து பார்த்தால் விஷம் அப்படியே இருக்கும். ‘முடியவில்லை’ என்று முதலாளியிடம் சொல்லிவிடத் தீர்மானித்த அன்றுதான், மறந்துபோன மூக்குக்கண்ணாடிக்காக உச்சிவெயிலில் திரும்பி வந்தார், தட்டுகளின் மேல் கோணியைப் பார்த்தார்.

பாயைக் குற்றம் சொல்லவும் முடியாது. “வெயில்ல போட்டா அப்பளம், நிழல்ல போட்டாத்தான் தோலு” என்று நாள் தவறாமல் சொல்கிறவர் அவர். வெயில் ஏறினால் எதையும் மூடுவார், இறங்கினால் எடுத்து மடித்து வைப்பார். தோலுக்குக் காட்டும் மரியாதையைத்தான் தட்டுக்கும் காட்டியிருந்தார்.

“பாய், வெயிலத் திங்கத்தான் அதை வெச்சதே!” என்று மேடம் சிரித்த சிரிப்பில் கண் கலங்கியிருந்தது.

“யா அல்லா! அப்போ இத்தினி நாளா அதைப் பட்டினியா போட்டேன்?”

கோணி போனது. வெயில் பட்ட தட்டுத் தண்ணீரைச் சோதனைக்கு நிலையத்துக்கு அனுப்பினோம். சில நாளில் நிலையத்திலிருந்து போன் வந்தது: “கிருமியெல்லாம் உயிரோட இருக்குது. இந்தத் தண்ணின்னா அனுப்புங்க.” டேனரி முழுக்க மூச்சு விட்டது. இப்போது அந்த மொட்டைமாடி நிறையத் தட்டுகள். வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் இருந்துகொண்டு, இந்த ஊர் வெயிலை எல்லோரும் திட்டும்போது நான் மட்டும் சும்மா இருந்துவிடுகிறேன்.

போன் வந்த அன்று முதலாளியே தட்டுகளைப் பார்க்க வந்து, குனிந்து நின்றார். ஒருநாளும் அவர் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்த்திராத மேஸ்திரி பாய், “மொதலாளி, நிழலு விழுது” என்று அவர் முழங்கையைப் பிடித்து மெல்ல நகர்த்தி நிறுத்தினார்.