பேர் சொல்லிக் கூப்பிட்டும் என் புள்ள வாய தொறக்கல

நான் மேடையில நின்னு பேசிப் பழகாதவ. தேயிலைக் கொழுந்து எடுக்கிறவ. கோவக்காரின்னு தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற எங்க லயத்துல எனக்கு நல்ல பேரு வேற இருக்கு. இப்படி ஜெபக் கூட்டத்துல ஒங்க முன்னாடி சாட்சி சொல்றது இதுதான் எனக்கு மொதத் தடவ. இருந்தாலும் சொல்லாம இருக்கக்கூடாதுன்னு வந்துட்டேன். போன வருஷம் மழைக்காலத்துல, ஒரு செவ்வாய்க்கெழம, என் புள்ள காணாமப் போச்சு.

என் பேரு ரீத்தா. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டம். வீட்டுக்காரரு கொழும்புல ஒரு ஹோட்டல்ல வேலை. எங்களுக்கு ஒரே புள்ள, ஜெசிந்தா. ஜெசின்னு கூப்பிடுவோம். ஏழு வயசு. சிஸ்டர்மாரு நடத்துற சின்னப் பள்ளிக்கூடத்துல ரெண்டாம் வகுப்பு.

அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு பழக்கம் உண்டு. காலையில ஜெபம் முடிஞ்சதும் பெரிய சிஸ்டர் பிலோமினா ஒரு சின்ன மணி அடிப்பாங்க. ஒரு நிமிஷம் யாரும் மூச்சு விடக்கூடாது. கண்ண மூடிக் கேக்கணும். அப்புறம் ஒவ்வொரு புள்ளையும் என்ன கேட்டுச்சுன்னு சொல்லணும். காக்கா கத்துனது, லொறி போனது, பக்கத்துல இருக்கிறவன் வயிறு கொடகொடன்னது, எல்லாத்தையும் சொல்லும். "ஆண்டவர்கிட்ட பேசுறது மட்டும் ஜெபமில்ல, கேக்குறதும் ஜெபந்தான்"னு சிஸ்டர் சொல்வாங்களாம். ஜெசி வந்து சொன்னப்ப நான் சிரிச்சேன். "வயிறு கொடகொடங்குறத கேக்கவா ஒன்னைய ஸ்கூலுக்கு அனுப்புறேன்? வாய்ப்பாட்ட சொல்லு பாப்போம்"னேன்.

அந்தச் செவ்வாய்க்கெழம காலையில எனக்கு, வேலைக்குப் பேர் பதியுற பெரட்டுக்கு நேரமாச்சு. ரொட்டி கருகுது, பால் பொங்குது, தலையில கட்டுற துணியக் காணோம். ஜெசி என் பின்னாடியே வந்து வந்து என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தா. நான் "ம்ம், ம்ம்"னேன். என்ன சொன்னான்னு கேட்டீங்கன்னா எனக்குத் தெரியாது. நான் கேக்கல. போற அவசரத்துல "பன்னெண்டாம் நம்பர் மலையில வேலை, ஸ்கூல் விட்டதும் காமாட்சி அக்காகூட வீட்டுக்குப் போயிரு"ன்னு சொல்லிட்டு ஓடிட்டேன்.

காமாட்சி அக்கா பக்கத்து வீட்டுக்காரங்க. தெனமும் மத்தியானம் ஒண்ணரைக்கு அவங்கதான் போயி ஜெசியக் கூட்டிட்டு வருவாங்க. அன்னைக்கும் போயிருக்காங்க. ஸ்கூல் கேட்டு பூட்டிக் கெடக்கு. எனக்கு போன் வந்துச்சு.

"ரீத்தா, புள்ள ஒங்கிட்டயா இருக்கு?"



டீச்சர்மாருக்குக் கூட்டம்னு அன்னைக்குப் பதினோரு மணிக்கே பள்ளிக்கூடத்த விட்டுட்டாங்க. முதல் நாளே புள்ளைங்ககிட்ட சொல்லி அனுப்பியிருக்காங்க. காலையில ஜெசி என் பின்னாடி வந்து வந்து சொன்னது அதத்தான். பெரிய வகுப்புப் புள்ளைங்க மூணு பேர்கூட கெளம்புனதப் பாத்து, வீட்டுக்குத்தான் போறான்னு சிஸ்டர் நெனச்சிருக்காங்க. பாதி வழியில "அம்மாகிட்டப் போறேன்"னு சொல்லிட்டு, இவ குறுக்குப் பாதையில எறங்கிட்டா. பன்னெண்டாம் நம்பருக்கு. ஆனா ஒம்பது மணிக்கே கங்காணி எங்கள அங்கருந்து எடுத்து, ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற மலைக்கு மாத்திட்டாரு. புள்ள போயி நின்ன எடத்துல ஒரு ஆளு இல்ல.

கூடைய அப்படியே போட்டுட்டு ஓடுனேன். நான் பன்னெண்டாம் நம்பருக்குப் போறதுக்கும் பனிமூட்டம் எறங்குறதுக்கும் சரியா இருந்துச்சு. நம்ம ஊரு மூட்டம் ஒங்களுக்குச் சொல்லணுமா? கைய நீட்டுனா விரலு தெரியல. மழையும் புடிச்சிருச்சு. கீழ ஆறு சத்தம் போட்டுக்கிட்டுப் போகுது. முந்தின மாசம் அதே மலையில சிறுத்தப்புலி வந்து கங்காணி வீட்டு நாயத் தூக்கிட்டுப் போயிருந்துச்சு. எனக்கு அது மட்டுந்தான் திரும்பத் திரும்ப மனசுல வந்துச்சு. அந்த நாயி, அந்த நாயி.

"ஜெசீ! ஜெசீ!"ன்னு கத்துனேன். தொண்ட கிழிஞ்சு போச்சு. பதிலே இல்ல.

லயமே தெரண்டு வந்துருச்சு. கொழுந்து எடுக்கிறவங்க, ஃபெக்டரி ஆளுங்க, டவுன்ல கடை வச்சிருக்கிற ரஹீம் நானா ஷட்டர எறக்கிட்டு டோர்ச் லைட்டுகளோட வந்தாரு. சிஸ்டர் பிலோமினாவும் டீச்சர்மாரும் உடுப்புல சேறு அப்பி நின்னாங்க. எல்லாரும் சேந்து கூப்பிட்டோம். மலையே அதிர்ந்துச்சு. புள்ளகிட்டருந்து ஒரு சத்தம் வரல.

மணி அஞ்சாயிருச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துல இருட்டிரும். வீட்டுக்காரரு கொழும்புலருந்து போன் மேல போன். நான் எடுக்கல. எடுத்தா என்னன்னு சொல்றது? ஆத்துப் பக்கம் ரெண்டு பேரு கம்பெடுத்துக்கிட்டு எறங்குனாங்க. எதுக்கு எறங்குறாங்கன்னு யாரும் எங்கிட்ட சொல்லல. எனக்குப் புரிஞ்சிருச்சு. அப்படியே சேத்துல உக்காந்துட்டேன். ஜெபம் வரல எனக்கு. வாயில "ஆண்டவரே"ங்கிற ஒரு வார்த்தைக்கு மேல வரவே இல்ல.

அப்பத்தான் சிஸ்டர் சொன்னாங்க, "எல்லாரும் கொஞ்ச நேரம் கத்துறத நிப்பாட்டுங்க. கேப்போம்."

எனக்கு வந்த கோவம் இருக்கே! "ஒங்களுக்கென்ன சிஸ்டர், புள்ள பெத்திருந்தாத்தானே தெரியும்! கத்தாம எப்படித் தேடுறது?"ன்னு எல்லாருக்கும் முன்னாடி கேட்டுட்டேன். இன்னைக்கு நெனச்சா நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்கு. சிஸ்டர் என் பக்கத்துலயே சேத்துல உக்காந்து என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. 

எல்லாரும் வாய மூடுனோம். மழ சத்தம். ஆத்துச் சத்தம். நான் கண்ண மூடி, "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன்"னேன். என் வாழ்க்கையில நான் அப்படிச் சொன்னது அதுதான் மொதத் தடவ.

புள்ள சத்தம் கேக்கல. கேட்டது என் சொந்தக் கொரல்தான். நான் என்னைக்கோ சொன்ன வார்த்தை, அப்படியே, பக்கத்துல நின்னு யாரோ சொல்ற மாதிரி கேட்டுச்சு.

ஜெசி மூட்டத்துல வெளையாடப் போயிருவா. வெளிய எவளாவது கூப்பிட்டா போதும், ஒரே ஓட்டம். நான் நிம்மதியா சமைக்கணும்ங்கிறதுக்காக ஒரு நாள் பயங்காட்டி வச்சேன். "மூட்டத்துல பேர் சொல்லிக் கூப்பிட்டா அது முனி. ஒங்கம்மா கொரல்லயே கூப்பிடும். நீ என்னன்னு பதில் சொன்னா, புடிச்சிட்டுப் போயிரும். வாய தொறக்கவே கூடாது, ஆமா."

கழுத்துல செபமாலை போட்டுக்கிட்டு, ஞாயித்துக்கெழம தவறாம பூசைக்கு வர்ற நான் சொன்னது இது.

"சிஸ்டர், அவ இங்கதான் இருக்கா. நம்ம கூப்பிடுறதக் கேட்டுத்தான் ஒளிஞ்சிருக்கா"ன்னு கத்தி, எல்லாத்தையும் சொல்லிட்டேன். வெக்கத்துல என் மூஞ்சிய எங்க வைக்கிறதுன்னு தெரியல. காமாட்சி அக்கா, "ஏண்டி அழுவுற, நானுந்தான் எம் புள்ளைங்களுக்குச் சொல்லி வளத்தேன்"னாங்க. சுத்தி நின்ன பொம்பளைங்க பாதிப் பேரு தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க.

அப்ப எப்படிக் கூப்பிடுறது? "அம்மாடி வா"ன்னாலும் முனிதான். அழுதாலும் முனிதான். சிஸ்டர் கொஞ்சம் யோசிச்சாங்க. "பள்ளிக்கூடத்துல நாங்க 'அருள் நிறைந்த மரியே' சொன்னா, மிச்சப் பாதிய புள்ளைங்க தானா சொல்லும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். பேரச் சொல்லாத ரீத்தா. கத்தாத. ஜெபத்த மட்டும் சொல்லு"ன்னாங்க.

எந்திரிச்சேன். பாதையில நடந்துக்கிட்டே, "அருள் நிறைந்த மரியே வாழ்க"ன்னு மொதப் பாதிய சொல்லி நிப்பாட்டுனேன். ஒண்ணும் இல்ல. பத்தடி நடந்து மறுபடி சொன்னேன். ஒண்ணும் இல்ல. என் பின்னாடி அத்தன பேரும் மூச்சக் கூட மெல்ல விட்டாங்க. மூணாவது தடவ என்கூட சிஸ்டர் சேந்து சொன்னாங்க.

கீழருந்து வந்துச்சு. அவ்வளவு மெல்லிசா.

"அர்ச்சிஷ்ட மரியே, சர்வேசுரனுடைய மாதாவே..."

என் புள்ள! பல்லு அடிச்சுக்கிற சத்தத்தோட, விட்டு விட்டு, "எங்கள் மரண நேரத்திலும்" வரைக்கும் சொல்லி, ஆமென் சொல்லிட்டு நிப்பாட்டிருச்சு. நான் "ஜெசி"ன்னு வாய தொறக்கப் போனேன். சிஸ்டர் என் வாயப் பொத்திட்டாங்க. திரும்பவும் மொதப் பாதிய சொன்னோம். திரும்பவும் பதில் வந்துச்சு. ரஹீம் நானாவும் இன்னும் ரெண்டு பேரும் அந்தச் சத்தத்தப் புடிச்சு எறங்குனாங்க. நாங்க சொல்ல, அவ சொல்ல, அவங்க எறங்க. அப்படி எத்தன தடவ சொன்னோம்னு எனக்குத் தெரியல. ஒவ்வொரு தடவையும் "மரண நேரத்திலும்"னு அது சொல்றப்ப எனக்கு உசுரு போயிப் போயி வந்துச்சு.

தேயிலைக்கு நடுவுல தண்ணி ஓட வெட்டுன கானுக்குள்ள உக்காந்திருந்தா. மேல மானாப்புல்லு மூடிக் கெடந்துச்சு. நாங்க அதத் தாண்டி ரெண்டு தடவ போயிருந்தோம். காலு கல்லுக்கு எடையில மாட்டி வீங்கிப் போயிருந்துச்சு. தண்ணி இடுப்புக்கு மேல வந்துருச்சு. இன்னும் கொஞ்ச நேரம் மழ பேஞ்சிருந்தா தண்ணி புள்ளைய அடிச்சிட்டுப் போயிருக்கும், அந்தக் கானு நேரா ஆத்துலதான் போயி விழும்.

ரஹீம் நானா தூக்கிட்டு வந்து என் மடியில போட்டாரு. அவரு அழுதுட்டாரு. மறுநாள் காமாட்சி அக்கா மாரியம்மன் கோயில்ல வெளக்கேத்துனாங்க. அவங்க சாமிகிட்ட அவங்க நன்றி சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். நான் கேட்டேன், என் ஆண்டவர் பதில் சொன்னாரு. இவங்க எல்லாரையும் அவருதான் எனக்குக் கொடுத்தாரு.

ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் கழிச்சுத்தான் ஜெசி வாய தொறந்து பேசுனா. "அம்மா, ஒங்களத் தேடிப் போறப்ப கானுல விழுந்து காலு மாட்டிக்கிச்சு. எல்லார் கொரலும் கேட்டுச்சு. ஒங்க கொரல்தான் ரொம்பக் கிட்டத்துல கேட்டுச்சு. அதுக்குத்தான் ரொம்பப் பயந்து வாயப் பொத்திக்கிட்டேன். முனிக்கு மாதா ஜெபம் தெரியாதுல்ல, அதான் அப்புறம் சொன்னேன்."

பெத்த தாய் கொரலுக்குப் பயந்து என் புள்ள தண்ணிக்குள்ள உக்காந்திருந்திருக்கு. வேற எந்தத் தண்டனையும் எனக்கு வேணாம்.

சிஸ்டர்கிட்ட போயி மன்னிப்புக் கேட்டேன். "ஒன் எடத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பாங்க"ன்னு டீ ஊத்திக் கொடுத்தாங்க. முனி கதை பொய்யின்னு ஜெசிகிட்ட நானே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இப்ப காலையில அவ பேசுனா அடுப்ப அணைச்சிட்டுக் கேக்குறேன். பெரட்டுக்குப் பிந்திப் போயி கங்காணிகிட்ட ஏச்சும் வாங்குறேன். அந்த ஆளுகிட்ட நானும் நாலு வார்த்த திருப்பிப் பேசிருவேன், அது வேற விஷயம். பள்ளிக்கூடத்துப் பெத்தார் கூட்டத்துலயும் இப்ப மணி அடிக்கிறாங்க. நாங்களும் கண்ண மூடி உக்கார்றோம்.

பயம் போயிருச்சான்னு கேக்காதீங்க. போகல. மூட்டம் எறங்குனா இன்னும் எனக்கு நெஞ்சு அடிக்குது. பயத்தோடதான் ஜெபம் பண்றேன். நீங்களும் பயமா இருக்கிறப்ப பயத்தோடயே போங்க. அவர்கிட்ட சொல்லுங்க. சொல்லிட்டு எந்திரிச்சு ஓடிராம, அவரு என்ன சொல்றாருன்னு ஒரு நிமிஷம் இருந்து கேளுங்க. வார்த்தையே வராத எனக்கே பதில் கொடுத்தாரு, ஒங்களுக்குக் கொடுக்க மாட்டாரா?

எனக்காகவும் ஒரு ஜெபம் சொல்லுங்க. இப்பவும் நான் வாசல்ல நின்னு "ஜெசி"ன்னு கூப்பிட்டா, அவ ஒடனே பதில் சொல்றதில்ல. வெளையாட்ட நிப்பாட்டி, என் மொகத்த நல்லாப் பாத்துட்டு, அப்புறந்தான் "என்னம்மா"ங்கிறா. நானும் கோவப்படாம, அவ பாத்து முடிக்கிற வரைக்கும் நின்னுக்கிட்டு இருக்கேன்.