ஒத்தை ஸ்பீக்கர்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் சிலமலையிலிருந்து தினமும் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். நான் பத்தாவது முடித்த கையோடு அப்பா நோயில் படுத்துவிட்டார். வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் ஏறியாக வேண்டும், நான் ஏறினேன். விடிவதற்கு முன்னால் ஏறினால், பொழுது அடையும்போதுதான் திரும்பி வருவோம். ஏலக்காய் மரத்தில் தொங்கும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது செடியின் தூரில், மண்ணை ஒட்டிச் சரம் சரமாகக் காய்க்கும். நாள் முழுக்கக் குந்தியபடியே நகர வேண்டும். மழைக்காலத்தில் அட்டை வேறு. சாயங்காலம் ஜீப்பில் ஏறும்போது எங்களில் யாருக்கும் பேசக்கூடத் தெம்பு இருக்காது.

ஜீப் ஓட்டிய அண்ணன் எங்களைவிடக் களைத்தவர். காலையில் எங்களை மேலே விட்டுவிட்டு, பகலில் காய் மூட்டை லோடு இறக்கிவிட்டு, சாயங்காலம் மறுபடி எங்களுக்காக மலையேறுவார். நல்லது கெட்டது எதிலும் அவரைப் பார்க்க முடியாது. அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு, ஒரு இங்கிலீஷ் பாட்டு கேசட்.

போடியில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைக்காரர் அவருடைய சிநேகிதர். அவருக்குச் சிங்கப்பூரிலிருந்து தம்பி அனுப்பிய இசைத்தட்டிலிருந்து பதிந்தது அது. அந்தக் காலத்து அமெரிக்காவில் நாலைந்து பையன்கள் தெருமுனையில் நின்று, வாத்தியம் இல்லாமல், வாயாலேயே ‘டுவாப் டுவாப்’ என்று தாளம் போட்டுப் பாடுவார்களாம். அந்தப் பாட்டின் மேல் ஆசைப்பட்டு ஒரு ராக் குழு போட்ட ஆல்பம் என்று அண்ணன் விளக்கினார். ஞாயிற்றுக்கிழமையானால் இவரும் இன்னும் இரண்டு மூன்று பேரும் கடையில் கூடி அதையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ஆளுக்கொரு பாட்டைப் பிடித்துக்கொண்டு சண்டை வேறு போடுவார்களாம். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்றால் சரி, எலும்பு தேய உழைக்கிற இவருக்கு எதற்கு இது என்று எனக்குத் தோன்றும்.

ஜீப்பில் ஒரு ஸ்பீக்கர்தான் பாடும். இன்னொன்று மழைத் தண்ணீர் இறங்கிச் செத்துப்போயிருந்தது. அந்த இசைத்தட்டிலோ, பாடுகிறவன் குரலை ஒரு பக்கமும், கூடப் பாடுகிறவர்களை மறுபக்கமும் பிரித்து வைத்திருந்தார்கள். இது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. செத்த ஸ்பீக்கரோடு பாட்டுக்காரனும் போய்விட்டான். எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் கூடப் பாடுகிற ஆட்கள்தான். ‘ஊ... வா... டுவாப் டுவாப்’ என்று பாடிவிட்டு, யாரோ வந்து ஏதோ சொல்லட்டும் என்பதுபோலக் காத்திருப்பார்கள். யாரும் வரமாட்டார்கள். மறுபடியும் டுவாப்.

ஒரு நாள் அந்த இடைவெளியில் நான் வாயைத் திறந்துவிட்டேன். முதுகு வலி தாங்காமல் ராகத்தோடு வந்துவிட்டது.

“இடுப்பு ரெண்டாப் போச்சு...”

ஸ்பீக்கர் ‘டுவாப் டுவாப்’ என்றது.

“கங்காணி கண்ணு அவிஞ்சு போச்சு...”

‘ஊ... வா...’

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. அண்ணன் டேப்பைத் திருப்பி ஓட்டி மறுபடி போட்டார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. பக்கத்து வீட்டு மதினி ஒருவர் எங்களோடு வேலைக்கு வருவார், வாய்க்கு அஞ்சாதவர். முதலில் டுவாப்பில் சேர்ந்துகொண்டவர் அவர்தான். பிறகு எல்லோரும் சேர்ந்தார்கள். அன்றன்று நடந்ததை நான் பாடுவேன். அட்டை கடித்தது, கஞ்சியில் உப்பில்லாதது, சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்த கங்காணி சேற்றில் வழுக்கி விழுந்தது, எல்லாமே பாட்டுத்தான். களைப்பெல்லாம் பறந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அது அப்படியேதான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஐப்பசி மாதம் என்று நினைவு. அண்ணன் ஒரு நாள் முகமெல்லாம் பல்லாக வந்தார். அதே ஆல்பத்தைப் புதிதாக மிக்ஸிங் செய்து வெளியிட்டிருக்கிறார்களாம். டிரம்ஸை மாற்றி அடித்து, குரலை நடுவில் கொண்டுவந்து, எல்லாம் புதுசாம். சிங்கப்பூர்த் தம்பி அதையும் அனுப்பியிருந்தார். ஒற்றை ஸ்பீக்கரிலும் இனிப் பாட்டு முழுசாகக் கேட்கும் என்று சொல்லி, கேசட்டைப் போட்டார். டிரம்ஸ் அதிர்ந்தது. அதற்கு மேலே ஒருவன் கணீரென்று பாட ஆரம்பித்தான்.

“யாருப்பா இவன், நம்ம பாட்டுக்குள்ள வந்து கத்துறான்?” என்றார் மதினி.

“இவன்தான் மதினி பாட்டுக்காரனே! இத்தன நாளா இவன் இல்லாமலே கேட்டுக்கிட்டு இருந்துருக்கோம்” என்றார் அண்ணன். எங்களுக்கு ஏதோ பெரிய குறை தீர்ந்துவிட்டதாக அவருக்கு அத்தனை சந்தோஷம்.

கடைக்காரருக்குப் புதுசு பிடிக்கவில்லையாம். பழசில் கையை வைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று அவர் சொல்ல, இதில்தான் எல்லாம் தெளிவாக இருக்கிறது என்று இவர் சொல்ல, இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே குறைந்துபோனது. எங்களை யாரும் கேட்கவில்லை. அந்தப் பாட்டுக்காரன் நல்லாத்தான் பாடினான். ஆனால் மூச்சு விட ஒரு இடம் கொடுக்கவில்லை. பஸ்ஸில் நம் இடத்தில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றால் ஒரு ஆத்திரம் வருமே, அது எனக்கு வந்தது. அண்ணன் மனசு நோகும் என்று வாயை மூடிக்கொண்டேன். மதினியும் மூடிக்கொண்டார். ஏறியதும் எல்லோரும் தூங்க ஆரம்பித்தோம்.

அப்படி ஒரு சாயங்காலம். மழை விட்டு, மலை முழுக்க மூடுபனி. வாந்தி வரும் என்று எனக்கு எப்போதும் முன் சீட்டு. கண்ணை மூடியது தெரியும். எது எழுப்பியது என்று தெரியாது. கேசட் ஒரு பக்கம் ஓடி முடிந்து ‘டக்’கென்று நின்ற சத்தமாக இருக்கலாம். விழித்துப் பார்த்தால் எதிரே வளைவு. ஜீப் வளையவில்லை. அண்ணனின் தாடை நெஞ்சில் கிடந்தது.

“அண்ணே!” என்று அலறிக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்து என் பக்கம், மலைப் பக்கம் இழுத்தேன். அவர் திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தார். ஜீப் சறுக்கிக்கொண்டே போய், ஓரத்தில் நட்டிருந்த வெள்ளைக் கல் ஒன்றைப் பெயர்த்துத் தள்ளிவிட்டு, அடுத்த கல்லில் முட்டி நின்றது. பெயர்ந்த கல் பள்ளத்தில் உருண்டு போய்க்கொண்டே இருந்தது.

சிராய்ப்பைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இறங்கி நின்றோம். அண்ணன் ஈர ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க பாடிக்கிட்டு வந்தப்ப எனக்கு ஒரு நா கூடக் கண்ணு சொருகுனதில்ல. இன்னைக்கி இவ என்னத்தப் பாடப்போறாளோன்னு காதத் தீட்டி வச்சுக்கிட்டே ஓட்டுவேன். இந்தப் பாட்டுக்காரன் வந்ததும் நீங்க எல்லாரும் தூங்கிட்டீக. உங்களுக்கு நல்லதுன்னுதான் தாயி மாத்துனேன்” என்று சொல்லி அழுதார்.

“சரி, அழுகாத. அந்தப் பழசப் போட்டுக்கிட்டுப் போவோம்” என்றார் மதினி.

“அது இல்ல மதினி. அந்தக் கேசட்டு மேலயேதான் இதப் பதியச் சொன்னேன், பழசு அழிஞ்சுபோச்சு.”

இருட்டிக்கொண்டு வந்தது. மலையடிவாரத்து முந்தல் வரைக்கும் இறங்க இன்னும் எத்தனையோ வளைவு. நடந்து போக யார் காலிலும் வலுவில்லை. ஜீப்பில் ஏறப் பயம். மறுபடியும் இவருக்குக் கண் சொருகினால்? எல்லோர் மனசிலும் அது ஒன்றுதான் ஓடியது. கடைசியில் மதினிதான் முதலில் ஏறினார்.

“வெரசா ஏறுங்கடி. டுவாப்பு நமக்குத் தெரியாததா?”

ஜீப் நகர்ந்தது. பின்னாலிருந்து, கேசட் இல்லாமல், ‘ஊ... வா... டுவாப் டுவாப்’ என்று ஆரம்பித்தார்கள். எல்லோர் குரலும் நடுங்கியது. பாடிவிட்டு எனக்காகக் காத்திருந்தார்கள். நான் முன் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தேன். மறுபடி டுவாப். மறுபடி காத்திருப்பு. அண்ணன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “பாடு தாயி” என்றார்.

“கல்லு ஒண்ணு போச்சு...” என்றேன்.

‘டுவாப் டுவாப்.’

“நமக்கு வந்தது கல்லோட போச்சு...”

அழுதுகொண்டே முந்தல் வரைக்கும் பாடினேன். ஒரு வளைவில்கூட விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கடைக்காரரிடம் போய்ப் பழசையே மறுபடி பதிந்து வாங்கிவந்தார். கடைக்காரர் ஒரு மாதம் அதைச் சொல்லிக் காட்டினாராம். செத்த ஸ்பீக்கரைக் கடைசிவரை யாரும் சரி பண்ணவில்லை. எனக்குக் கல்யாணமாகும் வரை அந்த ஜீப்பில்தான் போய்வந்தேன்.

இப்போது எனக்கு முட்டி மடங்குவதில்லை. போன வருஷம் மகள் எப்படியோ தேடி, இரண்டு மிக்ஸிங்கையும் போனில் எடுத்துக் கொடுத்தாள். எது நல்லது என்று உலகம் முழுக்க இன்னும் சண்டை போடுகிறார்களாம். போடட்டும். நான் பழசைப் போடச் சொல்லி, காதில் மாட்டுகிற இரண்டில் ஒன்றைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வேன். பாட்டுக்காரன் மடியில் கிடப்பான், பாவம். ஆனால் எனக்காகக் காத்திருந்த இடம் அவன் இல்லாத பக்கத்தில்தான் இருந்தது. அது இருந்ததால்தான் அன்றைக்கு ஒரு ஜீப் நிறைய ஆட்கள் வீடு போய்ச் சேர்ந்தோம்.