ஒற்று சாரின் தோளும் தோலும்

என் அக்கா புருஷனுக்கு எங்கள் அச்சகத்தில் 'ஒற்று சார்' என்று பெயர். மருந்துப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே எட்டாக மடித்த ஒரு தாள் இருக்குமே, யாரும் படிக்காமல் தூக்கிப் போடுவோமே, அதை அச்சடிக்கிற இடம்தான் எங்கள் அச்சகம். மாடியில் உட்கார்ந்து அதில் பிழை பார்ப்பது மாமாவின் வேலை. கீழே அதை மடிக்கிற மெஷினைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எந்தச் சொல்லுக்குப் பிறகு க், ச், த், ப் வரும், எங்கே வரக் கூடாது என்று இருபத்தெட்டு வருஷமாக எல்லோர் உயிரையும் வாங்கிச் சம்பாதித்த பெயர் அது. அவர் விசிலடித்துக்கொண்டு படியேறினால் கீழே எங்களுக்குள் "இன்னிக்கு ஒற்று மிகும்" என்போம். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தால் "மிகாது". எனக்கு அவர் வைத்த பெயர் 'ஆச்சரியக்குறி'. என் வாய் அப்படி.

வீட்டிலும் இதே கூத்துதான். காலையில் காபியோடு சோபாவில் உட்காருவார். வலது பக்கம் அக்கா, அவர் மேல் சாய்ந்தபடி. செய்தித்தாளில் செய்தியை விட்டுவிட்டுப் பிழைகளை மட்டும் சத்தமாகப் படிப்பார். அக்கா வயிறு குலுங்கச் சிரிப்பாள். உலகத்தில் என்ன நடக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. எந்த மந்திரிக்குக் கால் விட்டுப்போனது, எந்தக் கம்பெனிக்குக் கொம்பு முளைத்தது என்பது மட்டும் அத்துபடி. ஒருமுறை பள்ளிக்கூட வேன் ஒன்றின் முதுகில் 'பல்லி வாகனம்' என்று எழுதியிருந்தது. மாமா நடுரோட்டில் ஓடிப்போய் டிரைவரைப் பிடித்து, "உள்ளே மொத்தம் எத்தனை பல்லிங்க?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் ஐம்பத்திரண்டு வயசில் ஓய்ந்து போனார். மத்தியானம் நாலு மணிக்கு மேஜையில் தலை சாய்ந்துவிடும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வள்ளென்று விழுவார், அப்புறம் அதற்காகவும் வருத்தப்படுவார். செய்தித்தாள் மடித்தபடியே கிடக்கும். தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். காரணம் கேட்டால், "உன் தூக்கம் கெடுதுன்னு பார்த்தேன்" என்பார். தூக்கம் கெட்டது அவர் போன பிறகுதான் என்று அக்கா என்னிடம் சொன்னாள். இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது.

ஒரு நாள் நாங்கள் மூன்று பேரும் சிக்னலில் நிற்கிறோம். அதே வேன், அதே பல்லி. எங்களை உரசிக்கொண்டு போனது. மாமா பார்த்தார், கொட்டாவி விட்டார். "எழுதிட்டுப் போறான், விடு" என்றார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இவருக்கு என்னமோ ஆயிடுச்சுடி" என்றாள். மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் சர்க்கரை பார்த்தார், தைராய்டு பார்த்தார், தூக்கத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். கடைசியில் டெஸ்டோஸ்டிரோன் பார்க்க வேண்டும் என்றார். அதற்கு ஒரு நாள் ரத்தம் போதாதாம். வெவ்வேறு நாளில் இரண்டு தடவை, அதுவும் காலையிலேயே கொடுக்க வேண்டுமாம். இரண்டு தடவையும் இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. மாமா தரையைப் பார்த்துக்கொண்டே, "ஆம்பளைத்தனம் குறைஞ்சுபோச்சுன்னு அர்த்தமா டாக்டர்?" என்று கேட்டாராம்.

"ரத்தத்தில இரும்பு குறைஞ்சா மனுஷத்தனம் குறைஞ்சுபோச்சுன்னா சொல்வீங்க? இதுவும் ஒரு அளவு, அவ்வளவுதான். ஒண்ணு கேக்கணும். இனிமே குழந்தை பெத்துக்கிற எண்ணம் ஏதாவது இருக்கா? இந்த மருந்து அதைத் தடுத்துடும்."

இருபத்தாறு வயசு மகனை வெளியூரில் வேலைக்கு அனுப்பியிருக்கும் அக்கா, "கேட்டீங்களே, அதுவே போதும் டாக்டர்" என்று சொல்லிவிட்டு முகத்தைக் கைப்பைக்குள் புதைத்துக்கொண்டாள்.

டாக்டர் ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார். தினம் காலையில் குளித்து, துடைத்து, பாட்டிலின் தலையில் இரண்டு அழுத்து அழுத்தி எடுத்துத் தடவ வேண்டும். எங்கே? இங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. அவர் சொன்னது தோலா, தோளா? உடம்பைப் போர்த்தியிருக்கும் தோலா, பை மாட்டுகிற தோளா? நம் வாயில் லகரமும் ளகரமும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகின்றன, யார் எந்த அறை என்று யாருக்கும் தெரியாது. மற்ற எவராக இருந்தாலும் திரும்பக் கேட்டிருப்பார்கள். மாமா கேட்கவில்லை. பேச்சை நம்ப மாட்டார் அவர், அச்சைத்தான் நம்புவார். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, யாரும் படிக்காத அந்தத் தாளை விரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். 'தோலில் மெல்லியதாகத் தடவவும். காய்ந்ததும் சட்டையால் மூடவும்.'

"பார்த்தியா, லகரம்" என்றார் அக்காவிடம். அதோடு சந்தேகம் தீர்ந்தது.

மறுநாளிலிருந்து அந்த இரண்டு அழுத்து ஜெல்லை, மாசக் கடைசியில் வெண்ணெயை ரொட்டிக்கு இழுக்கிற மாதிரி, காதுக்குக் கீழே ஆரம்பித்துக் கணுக்கால் வரைக்கும் இழுத்தார். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினார். மற்றவர்கள் மேல் படக் கூடாது என்று தாளில் இருந்ததால் சட்டையைக் கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டார். காலருக்கு மேலே இருப்பது காய்ந்துவிட்டால் சரி என்று தானாகவே ஒரு விதி எழுதிக்கொண்டார். ஜெல்லின் ஸ்பிரிட் வாசனையோடு வேலைக்கு வந்தவரைப் பார்த்து மேனேஜரம்மா, "காலங்காத்தாலேயேவா சார்?" என்று கேட்டார்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது வாரம் மாமா விசிலடித்தார். ஐந்தாவது வாரம் நாலு மணிக்கு மேஜையில் தலை இல்லை; தலை நிமிர்ந்து, என் மெஷினில் ஒட்டியிருந்த 'கை வைக்க கூடாது' அட்டையில் ஒரு 'க்' போட்டுவிட்டுப் போனது. ஏழாவது வாரம் தலையணை ஹாலிலிருந்து உள்ளே போனது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா பாத்திரம் கழுவும்போது பாட ஆரம்பித்தாள். அவளுக்குச் சுருதி என்பது சொட்டுக்கூடக் கிடையாது. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். எனக்கு மட்டும் அந்தக் கர்ண கொடூரம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பல்லி வேனையும் அவர் விடவில்லை. சிக்னலில் பிடித்து, டிரைவர் "யோவ், யோவ்" என்று கத்தக் கத்த, மார்க்கரால் 'ல்லி'யை அடித்து 'ள்ளி' எழுதிவிட்டுத்தான் நடைபாதை ஏறினார். அந்தக் கதையைக் கேட்டு அச்சகத்தில் கீழே எங்கள் ஆட்கள் மொத்தப் பேரும், "ஒற்று மிகும், ஒற்று மிகும்" என்று கை தட்டினார்கள். மூன்றாவது மாதப் பரிசோதனையில் டாக்டர் ரத்தத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாராம். "தோளிலதானே போடுறீங்க?" "தோலிலதான் டாக்டர்." இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

அக்காவுக்குப் பரு வந்தது அந்த வாரம்தான். ஐம்பது வயசில், இடது கன்னத்தில் மட்டும், கொத்தாக ஐந்தாறு. "காதல் பரு" என்று நான் கிண்டல் பண்ணினேன். இடது தாடையில் தடித்த கறுப்பு முடி மூன்று முளைத்ததும் கிண்டலை நிறுத்திவிட்டேன். தோல் டாக்டரம்மாவிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பார்த்தவுடன் கேட்டார்.

"வீட்டில யாராவது ஹார்மோன் ஜெல் தடவுறாங்களாம்மா?"

"அவர் தடவுறார். தோலிலதான்."

"தோளில போட்டுச் சட்டையால மூடுறார்னா இப்படி வரக் கூடாதே."

"மூடுறார். கழுத்து மட்டும்தான் வெளியே. அங்கேதான் நான் காலையில சாஞ்சுக்குவேன்."

"கழுத்தில சாஞ்சா என்னம்மா? மருந்து தோளிலதானே இருக்கு?"

"ஆமா, கழுத்திலயும் தோல் இருக்கே."

"கழுத்தில எப்படிம்மா தோள் இருக்கும்?"

"தோல் இல்லாத கழுத்தை நான் எங்கே போய்த் தேடுறது?"

இப்படியே விட்டால் பொழுது சாய்ந்துவிடும் என்று நான் டாக்டரம்மாவின் பேனாவைப் பிடுங்கி, அவர் சீட்டிலேயே ஒரு 'ல', ஒரு 'ள' எழுதிக் காட்டினேன். அவர் பார்த்தார். நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் முட்டுகிற அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: மருந்து மேலே படாமல் இருந்தால் பரு போய்விடும், முடிக்குக் கொஞ்ச நாள் ஆகும், அக்காவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும், அதுவரை மாமா ஜெல்லை நிறுத்திவிட்டுத் தன் டாக்டரைப் பார்க்கட்டும்.

வீட்டில் மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "அச்சில 'தோலில்'னுதான் இருக்கு!" என்று தாளை ஆட்டினார். "டாக்டருங்க சொன்னது தோள்னா, அப்போ இந்த அச்சுதான் தப்பு. எந்த முட்டாள் இதுக்குப் பிழை பார்த்தான்?" பூதக்கண்ணாடியை எடுத்துத் தாளின் கீழ் மூலையில் கடுகளவு எண்ணைப் பார்த்தார். கை அப்படியே நின்றது. அது எங்கள் அச்சகத்து வேலை எண்.

மறுநாள் மாடியில் அலமாரியைக் குடைந்து பழைய கோப்பை எடுத்தார். மருந்துக் கம்பெனி அனுப்பிய மூலத்தில் 'தோளில்' என்று தெளிவாக இருந்தது. நாங்கள் அடித்த புரூஃபில் 'தோலில்'. பக்கத்தின் அடியில் பச்சை மையில் 'சரி' என்று மாமாவின் கையெழுத்து, போன வருஷத் தேதியோடு. கையெழுத்தின் கடைசிக் கோடு பாதியில் தூங்கி மேஜை வரைக்கும் வழுக்கிப் போயிருந்தது. அந்தத் தாளை மடித்த மெஷின் என்னுடையதுதான் என்று எனக்கும் அப்போது உறைத்தது.

"எந்த முட்டாள்னு கேட்டேன். ஆள் கிடைச்சுட்டான்" என்றார் மாமா.

நேராக மேனேஜரம்மா அறைக்குப் போனார். நான் கதவோரம் நின்றேன், நிற்காமல் எப்படி? மேனேஜரம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "யாருமே கண்டுபிடிக்கலையே சார்?" என்றார்.

"நான் கண்டுபிடிச்சேனே மேடம். அதுக்குத்தானே சம்பளம்."

கம்பெனிக்குப் போன் பறந்தது. மீதித் தாள்கள் திரும்பி வந்தன, மருந்துக் கடைகளுக்கெல்லாம் திருத்தம் போனது. மாமாவை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அதைவிடப் பெரிய தண்டனை: அந்த ஒன்றரை வருஷத்தில் அவர் 'சரி' போட்ட அத்தனை புரூஃபையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பார்த்தார். ஆனால் ஜெல் இல்லாமல். இரண்டு வாரத்தில் நாலு மணித் தலை மேஜைக்குத் திரும்பி வந்தது. விசில் நின்றது. தலையணை மறுபடி ஹாலுக்கு வந்தது. அக்காவின் ரத்தம் சரியாகிவிட்டது, பரு வாடிவிட்டது, மாமாவின் டாக்டரும், "சரியான இடத்தில போட்டு மூடிக்கிட்டா ஒரு பயமும் இல்லை, ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டார். மாமா அசையவில்லை. "உனக்கு மீசை முளைச்சு நான் விசிலடிக்கணுமா? வேண்டாம். நான் இப்படியே இருந்துக்கிறேன்" என்றார். அக்கா பாட்டை நிறுத்திவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனுஷனை என் மெஷினில் கொடுத்து எட்டாக மடித்திருப்பேன்.

ஒரு காலை மெஷின் சாவியை வாங்க அக்கா வீட்டுக்குப் போனேன், அது மாமாவின் பையில் தங்கிவிட்டது. கதவு திறந்திருந்தது. மாமா குளித்துவிட்டு, துண்டோடு கண்ணாடி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா கையில் அவருடைய பச்சைப் பேனா. அவருடைய இரண்டு தோளிலும் சட்டைக் கைக்குள் மறையும்படி தோளுக்கொரு வட்டம் போட்டு, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் பெரிதாக ஒரு 'ள' எழுதிக்கொண்டிருந்தாள்.

"கூசுது" என்றார் மாமா.

"கூசட்டும். இந்த வட்டத்தைத் தாண்டி ஒரு சொட்டு போகக் கூடாது. மூணு எழுத்து வார்த்தை ஒண்ணுக்காக முழு ஆளையும் தூக்கிப் போடுவீங்களா? பிழை இருந்தா திருத்தணும். இத்தனை வருஷமா அதைத்தானே எல்லாருக்கும் சொல்றீங்க?"

"தோள்ங்கிறது ரெண்டு எழுத்து."

"பாருங்க, ஜெல் போடாமலே எண்ண வருது!"

மாமா கண்ணாடியில் உற்றுப் பார்த்தார். "இடது பக்க ளகரத்துக்குக் கால் சரியா இறங்கலை" என்றார் மெதுவாக. அப்புறம் உதடு துடித்தது, அப்புறம் தொப்பை குலுங்கியது, அப்புறம் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். மாமா ஜெல் பாட்டிலை எடுத்து இரண்டு அழுத்து அழுத்தினார். வட்டத்துக்குள் வைத்துத் தடவினார். கையைக் கழுவப் போக எழுந்தவரை அக்கா நிறுத்தினாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நாக்கை மடித்து ஒரு ளகரம், நாக்கை நீட்டி ஒரு லகரம், இரண்டையும் சுத்தமாகச் சொன்னாள்.

"தோள் மருந்துக்கு. மீதித் தோல் பூரா எனக்கு."

நான் சாவியைக் கேட்காமலே படியிறங்கிவிட்டேன்.